படிக்கக்கூடிய ஒரே பக்கம்

அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் நாலாயிரத்து முந்நூறு படங்கள் இருந்தன. கமாவைப் பொறுத்தவரை அத்தனையும் ஒரே படம்தான். பிறவியிலேயே பார்வை இல்லாத அவள், திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் ஒன்றை வைத்துத்தான் கணினியில் சகல வேலையும் செய்துவந்தாள். அது எதற்கும் சளைக்காது. சட்டப் புத்தகம், மருந்துச் சீட்டு, மின்கட்டண ரசீது, எதைக் கொடுத்தாலும் கடகடவென்று ஒப்பிக்கும். அருங்காட்சியகத்தின் முகப்புப் பக்கத்துக்கு வந்ததும் அதற்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "படம். படம். பொத்தான். படம். பெயரில்லாத பொத்தான். படம். படம்." நாற்பது நிமிடம் கேட்டாள். நடுவில் ஒரே ஒரு தடவை "நல்வரவு" என்றது. பிறகு மறுபடியும் படத்துக்குப் போய்விட்டது.

கமா என்பது நீதிமன்றத்தில் அவளுக்கு வைத்த பெயர். சாட்சிகள் சொல்வதை ஒலிப்பதிவிலிருந்து கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. ஒரு கமாவைக்கூட விடமாட்டாள். சாட்சி இருமினால் அடைப்புக்குறிக்குள் இருமல் என்று போடுவாள்; வக்கீல் பெருமூச்சு விட்டால் பெருமூச்சு. "நான் கொட்டாவி விட்டதையும் போட்டிருக்கீங்களேம்மா" என்று ஒரு நீதிபதி வருத்தப்பட்டார். "விட்டீங்களே ஐயா" என்றாள் கமா.

அவளுடைய அம்மா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். நாள் முழுக்க ஊராரின் அழைப்புகளை இணைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கமாட்டாள். யாராவது பேச்சைப் பதிவு செய்ய வந்தால், "வேலை முடிஞ்சிருச்சு, லைன் கட்" என்று நகர்ந்துவிடுவாள். அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. மற்றவர்களுக்காவது புகைப்படம் இருந்தது. கமாவுக்கு, அம்மா வேலையில் தலையில் மாட்டிக்கொண்டிருந்த பழைய காதொலிக் கருவியும் இரண்டு புடவையும்தான் மிச்சம்.

அம்மாவோடு வேலை பார்த்த ஒருத்தி ஒருநாள் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நிலையத்த இடிக்கறதுக்கு முன்னாடி மியூசியத்துலருந்து வந்து எங்க எல்லார் குரலையும் பதிவு பண்ணாங்களே. உங்கம்மா மட்டும் அரைமணி நேரம் பேசினா. கேட்டியா?" என்றாள்.

கமாவுக்கு இறங்கவேண்டிய நிறுத்தம் தவறிப்போனது.

அன்றிலிருந்துதான் "படம், படம், பொத்தான்." கீழ்வீட்டுத் தையற்காரரைக் கூப்பிட்டாள். அவர் கழுத்தில் அளவுநாடாவோடு வந்து உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பதிவு இருக்குமிடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். நூற்றுப் பதினேழாவது குரல். குடும்பத்தார் மட்டுமே கேட்கலாம். குடும்பத்தார் என்று நிரூபிக்க அடையாள அட்டையைக் காட்டி, கேமராவுக்கு எதிரே உட்கார்ந்து, திரையில் நகரும் பச்சைப் புள்ளியைக் கண்களால் பின்தொடரவேண்டும்.

"வலது பக்கம் போகுதும்மா" என்றார் தையற்காரர். "இப்ப மேல. ஐயோ, இடது பக்கம் வந்திருச்சு."

கமா முகத்தை அங்கும் இங்கும் திருப்பினாள். 'நீங்கள் ஒத்துழைக்கவில்லை' என்று திரையில் வந்தது. தையற்காரர் பாவம், தன் முகத்தைக் காட்டிப் பார்த்தார். 'நீங்கள் அவர் அல்ல' என்று வந்தது. "அது எனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் தைக்கப் போய்விட்டார்.

உதவி எண்ணுக்கு அழைத்தாள். இனிமையான ஒரு குரல், மேலும் விவரங்களுக்கு இணையதளத்தைப் பார்க்கவும் என்றது. பார்க்கவும் என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னதாக அவளுக்குப் பட்டது. பதினொரு முறை அழைத்துவிட்டு, நேரில் போனாள்.

நுழைவாயிலில் காவலாளி அவள் கைத்தடியைப் பார்த்ததும் மகிழ்ந்துபோனார். "உங்கள மாதிரி ஆளுங்களுக்குன்னே தனிக் குழு இருக்கும்மா. அணுகல் குழு. மூணாவது மாடி."

"லிஃப்ட் எந்தப் பக்கம்?"

"லிஃப்ட் ரெண்டாவது மாடி வரைக்கும்தான். அதுவும் மேலருந்து கீழ வரும். ஏறாது."

மாடிப்படியின் அடியில் சக்கர நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முன்பு வரைபடம் வரையும் வேலையில் இருந்தவராம். "நானும் அந்தக் குழு உறுப்பினர்தான்" என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். "ஆறு வருஷமாச்சு. இன்னும் அந்த ரூம பாத்ததில்ல. கூட்டம் நடக்கிறப்ப இங்கயே உக்காந்திருப்பேன். பிஸ்கட் கீழ வந்துரும்."

"கையெழுத்து?"

"அதுக்கும் ஆள் வரும். வருகை, அடைப்புக்குறிக்குள்ள தரைத்தளம்னு போட்டுக்குவாங்க."

மூன்றாவது மாடியில் அணுகல் அலுவலர் என்ற பெண்மணி கமாவை உட்காரவைத்து, புகார் செய்வதற்கான வழிமுறைகள் அடங்கிய நாலு பக்கத் தாளைக் கையில் கொடுத்தார். கமா தாளைத் தடவினாள். வழவழவென்று இருந்தது.

"இது அச்சடிச்சது" என்றாள்.

"பெரிய எழுத்துல" என்றார் அலுவலர் பெருமையாக. சற்றுப் பொறுத்துத் தானே தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க வந்தது நல்லதுதான் மேடம். வர்ற வாரம் கூட்டம். பயனாளர்னு ஒருத்தரக் காட்டணும்னு மேலிடத்துல கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஆறு வருஷமா ஒருத்தரும் கிடைக்கல" என்றார்.

"தளத்துக்குள்ள நுழைஞ்சாத்தானே கிடைப்பாங்க?"

"அதத்தான் நானும் சொல்றேன், ஆளே வர்றதில்ல."

கூட்டத்துக்குப் போனாள். பன்னிரண்டு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒலிப்பதிவுக் கருவி ஒன்று கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. இயக்குநர் எழுந்து, கமாவின் தோளைத் தொட்டு, அவள் காது கேளாதவள் போல உரக்கப் பேசினார்.

"அம்மா, உங்க கஷ்டம் எங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. போன வருஷம் ஒரு பயிற்சி வெச்சோம். நாங்க பன்னெண்டு பேரும் கண்ணக் கட்டிக்கிட்டு முழுசா பத்து நிமிஷம் இதே ரூம்ல உக்காந்திருந்தோம். எனக்கு டீ கப்பு எங்க இருக்குன்னே தெரியல. அந்தப் பத்து நிமிஷம் என் வாழ்க்கையவே புரட்டிப் போட்டுருச்சு. கட்ட அவுத்ததும் அழுதுட்டேன். நாலு குருடங்க யானையத் தடவிப் பாத்த கதை கேட்டிருப்பீங்க. அந்தக் கதையோட அர்த்தம் எனக்கு அன்னிக்குத்தான் விளங்கிச்சு."

"அவங்களாவது யானையத் தடவிப் பாத்தாங்க சார்" என்றாள் கமா. "இங்க கேட்டே தொறக்கல."

"அருமை. இதக் குறிச்சுக்கோங்க" என்றார் இயக்குநர். யாரும் குறித்துக்கொண்ட சத்தம் கேட்கவில்லை.

அன்றைய பொருள், படங்களுக்கு விளக்கம் எழுதுவது. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் நாலு வார்த்தை எழுதிவைத்தால் மென்பொருள் அதைப் படித்துச் சொல்லும். முதல் படத்தை எடுத்தார்கள்.

"ஜாடி" என்றார் அணுகல் அலுவலர்.

"ஜாடின்னு எப்படிச் சொல்வீங்க?" தொல்பொருள் நிபுணருக்குக் கோபம் வந்துவிட்டது. "அது ஜாடியா தாழியான்னு எண்பது வருஷமா சண்டை. என் வாத்தியார் அந்தச் சண்டையிலயே செத்துப்போனார்."

"தப்பா எழுதினா வழக்கு வரும்" என்றார் சட்ட ஆலோசகர். "கண்ணு தெரிஞ்சவன் பாத்துத் தப்பா புரிஞ்சுக்கிட்டா அது அவன் பொறுப்பு. நாம எழுதிக் கொடுத்துட்டா நம்ம பொறுப்பு."

இரண்டரை மணி நேரம் போனது. கடைசியில், யாருக்கும் மனக்கசப்பு வராத ஒரு விளக்கத்தை ஏகமனதாக நிறைவேற்றினார்கள்: 'இது ஒரு பொருளாக இருக்கலாம்.' மனிதர்கள் உள்ள படங்களுக்கு, 'இது ஒரு நபராக இருக்கலாம்.' இயக்குநரின் புகைப்படத்துக்கு மட்டும் விதிவிலக்கு. அதற்கு ஒன்றரைப் பக்க விளக்கம் ஏற்கெனவே தயாராக இருந்தது. 'தொலைநோக்குடைய விழிகள்' என்று அது ஆரம்பித்தது.

"பச்சைப் புள்ளி?" என்று கேட்டாள் கமா.

"அத மறப்போமா?" என்றார் இயக்குநர். "நாலு மடங்கு பெரிசாக்கச் சொல்லிட்டேன்."

கமா தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அரைமணி நேரப் பேச்சு, அவ்வளவுதான், ஒரு தடவை கேட்டால் போதும் என்றாள். யாரோ ஒருவர் பிஸ்கட்டைச் சத்தம் வராமல் கடிக்க முயன்றார். "உணர்ச்சிகரமான விஷயம்" என்றார் இயக்குநர். "விழாவுல இதப் பேசுங்க. ஆனா விதி விதிதான். ஒருத்தருக்குத் தொறந்துவிட்டா நாளைக்கு எல்லாரும் அவங்கவங்க அம்மாவக் கேப்பாங்க."

விழா என்றது, அனைவருக்குமான சிறந்த இணையதளம் என்ற பரிசுக்கான விழா. அருங்காட்சியகம் அந்தப் பரிசைப் பெறப்போகிறது என்று அப்போதுதான் கமாவுக்குத் தெரிந்தது. ஒரே ஒரு சிக்கல் இருந்தது. அணுகல் குழுவின் கூட்ட நடவடிக்கைகளை, எல்லாரும் படிக்கக்கூடிய வடிவில் இணையதளத்தில் போட்டிருக்கவேண்டும் என்பது பரிசின் நிபந்தனை. பதினாலு கூட்டம் நடந்திருந்தது. ஒரு கூட்டத்துக்கும் குறிப்பு எழுதவில்லை. ஒலிப்பதிவு மட்டும் இருந்தது.

கமா என்ன வேலை பார்க்கிறாள் என்று இயக்குநர் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். பதிலைக் கேட்டதும் அவருக்குத் தேடிய பொருள் காலிலேயே தட்டுப்பட்ட சந்தோஷம்.

"நீங்களே அடிச்சுக் குடுத்துருங்களேம்மா. உங்க பங்களிப்பு மாதிரியும் இருக்கும்."

"சுருக்கமாவா சார், உள்ளபடியா?"

"உள்ளபடியே போடுங்க. எங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு?"

"இதையே ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். கோர்ட்டுப் பழக்கம்."

அவர் சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார். ஒலிப்பதிவின் பிரதியைச் சரிபார்ப்புக்காகத் தட்டச்சாளரே வைத்துக்கொள்ளலாம் என்றும் தாராளமாக ஒரு வரி சேர்த்தார்.

கமா விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தாள். காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு முதல் கூட்டத்திலிருந்து ஆரம்பித்தாள். மூன்றாவது கூட்டம் வரை அலுப்பாக இருந்தது. நாலாவதில் அவள் விரல்கள் நின்றன. திரும்பக் கேட்டாள். பிறகு அதை அப்படியே அடித்தாள். பதினாலாவது, அவள் வந்த கூட்டம். தன் குரலையே கேட்டு அடித்தாள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு படி இறங்கிய பிறகும் கருவி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் போன பிறகு நடந்த பேச்சு பதினாறு நிமிடம்.

அவளுக்கு அழுகை வரவில்லை. எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து, பிழை திருத்தினாள். சிரிப்பு என்று அடித்திருந்த இடங்களுக்குப் போய், எத்தனை பேர் சிரித்தார்கள் என்று எண்ணிச் சேர்த்தாள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தலைப்பு, ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் பேசியவரின் பதவி, மென்பொருள் தடுக்கி விழாதபடி ஒழுங்கான பத்திகள். கோர்ட்டுக்குப் பழகிய கை, கச்சிதமாக வந்தது. அலுவலருக்கு அனுப்பியபோது, "படிச்சுப் பாத்துட்டு ஏத்துங்க மேடம்" என்று ஒரு வரியும் எழுதினாள். நூற்று எண்பது பக்கத்தை யாரும் படிக்கவில்லை. தளத்தைக் கவனித்துக்கொள்ளும் தொழில்நுட்ப ஊழியருக்கு அதை அழகுபடுத்தவும் நேரம் இல்லை. படம், பொத்தான் எதுவும் ஒட்டாமல் அப்படியே ஏற்றிவிட்டார்.

விழாவன்று முகப்புக் கூடத்தில் புதிதாக ஒரு பேசும் வழிகாட்டி நின்றது. ஆளுயரத்துக்கு வெள்ளைத் தூண். கேள்வி கேட்டால் பதில் சொல்லும். இணையதளம் முழுவதையும் தானே படித்துக் கற்றுக்கொள்ளும் இயந்திரம் என்று இயக்குநர் விளக்கினார். மின்சாரம் போனாலும் இரண்டு மணி நேரம் பேசும். அதை அவரே வற்புறுத்தி வாங்கியிருந்தார். கூட்டத்தில் நிறைவேற்றிய படவிளக்கம் ஒன்றுகூட இன்னும் தளத்தில் ஏறவில்லை. நாலாயிரத்து முந்நூறு படங்களுக்கு நடுவில் அந்த இயந்திரத்துக்குப் படிக்கக் கிடைத்தது ஒரே ஒரு பக்கம்தான் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

"கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு வரச் சொன்னோமே மேடம்" என்று அணுகல் அலுவலர் கமாவின் காதில் கிசுகிசுத்தார்.

"மறந்துட்டேன்" என்றாள் கமா.

பரிசு கொடுக்க அமைச்சர் வந்திருந்தார். சக்கர நாற்காலிக்காரரும் வந்திருந்தார். விழா தரைத்தளத்தில் நடந்ததால் அவர் கலந்துகொண்ட முதல் நிகழ்ச்சி அது. இயக்குநர் பேசினார். "எங்க மியூசியத்துல கதவே கிடையாது, எல்லாம் வாசல்தான்" என்றார். கைதட்டினார்கள். பிறகு அமைச்சரைத் தூணின் முன்னால் நிறுத்தி, எதை வேண்டுமானாலும் கேட்கச் சொன்னார்.

"இந்த மியூசியத்தப் பத்திச் சொல்லு" என்றார் அமைச்சர்.

"வணக்கம்" என்றது தூண். பணிவான, தெளிவான குரல். "இந்த அருங்காட்சியகத்தைப் பற்றி எனக்குக் கிடைத்திருக்கும் தகவல் இது. நாலாவது கூட்டம். இயக்குநர்: கண்ணு தெரியாதவங்க மியூசியத்துக்கு வந்து என்னத்தப் பாக்கப்போறாங்க. சிரிப்பு, ஏழு பேர். சட்ட ஆலோசகர்: வந்தா இருட்டுலயே விட்டுரலாம், லைட்டாவது மிச்சம். சிரிப்பு, ஒன்பது பேர்."

கூடத்தில் சிலர் இதை ஏதோ நாடகம் என்று நினைத்துச் சிரித்தார்கள். தூண் நிறுத்தவில்லை.

"ஏழாவது கூட்டம். அணுகல் அலுவலர்: கீழ இருக்கிறவருக்கு லிஃப்ட் சரிபண்ணணும் சார். இயக்குநர்: பிஸ்கட் போச்சா? அணுகல் அலுவலர்: போச்சு சார். இயக்குநர்: அப்ப அடுத்த விஷயம்."

"நிறுத்துங்க" என்றார் இயக்குநர். தொழில்நுட்ப ஊழியர் ஓடிவந்து மின்கம்பியைப் பிடுங்கினார். தூணுக்கு ஒரு குறையும் வரவில்லை.

"பதினாலாவது கூட்டம். கதவு சாத்தும் சத்தம். இயக்குநர்: பரிசு கைக்கு வர்றவரைக்கும் அந்தம்மாவ விட்டுராதீங்க. கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு வரச் சொல்லுங்க, இல்லன்னா ஃபோட்டோல தெரியாது. சட்ட ஆலோசகர்: அவங்கம்மா பதிவு? இயக்குநர்: குடுத்துட்டா அப்புறம் எதுக்கு வருவா? விழா முடியட்டும். சிரிப்பு, ஐந்து பேர்."

இப்போது கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்த அணுகல் அலுவலரின் மூச்சு மாறியதை கமா கேட்டாள். இயக்குநர் தூணைக் கட்டிப்பிடித்து ஒலி வரும் துளையைக் கையால் பொத்தினார். குரல் கொஞ்சம் அமுங்கி, அதே பணிவோடு தொடர்ந்தது.

"அணுகல் அலுவலர்: அமைச்சருக்கு உரை எழுதணுமா சார்? இயக்குநர்: எழுதாம? அந்தாளுக்குத் தன் பேரையே எழுதிக் குடுத்தாத்தான் படிக்க வரும். பெரிய எழுத்துல அடிங்க. பிஸ்கட் கடிக்கும் சத்தம்."

அமைச்சர் தன் கையிலிருந்த உரையைப் பார்த்தார். பெரிய எழுத்தில்தான் இருந்தது. அதை நாலாக மடித்துப் பையில் வைத்தார். இயக்குநரைப் பார்த்து, "கைய எடுங்க" என்றார். "ஒரு நாற்காலி கொண்டாங்கப்பா. என்னப் பத்தி இன்னும் ஏதாவது இருக்கா கேப்போம்."

இருந்தது. ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடத்துக்கு இருந்தது. அதற்குள் அங்கிருந்த பாதிப் பேர் தங்கள் தொலைபேசியில் அருங்காட்சியகத்தின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டார்கள். எந்தத் தொலைபேசியில் தேடினாலும் முதலில் வந்தது அந்தப் பக்கம்தான்.

பரிசு அந்த வருடம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. அமைச்சர் ஒரு விசாரணைக் குழு அமைத்தார். அந்தக் குழுவுக்கு விடப்பட்ட முதல் கேள்வி, தளத்தில் ஒரு பக்கம் மட்டும் எப்படிப் படிக்கக்கூடியதாக இருந்தது என்பது. இயக்குநரைப் பணியிலிருந்து நிறுத்திவைத்தார்கள். லிஃப்ட் ஒரே வாரத்தில் மூன்றாவது மாடி வரைக்கும் ஏறத் தொடங்கியது. சக்கர நாற்காலிக்காரர் மூன்றாவது மாடிக்குப் போய் அந்த அறையைப் பார்த்துவிட்டு, "இதுக்கா?" என்று கேட்டாராம்.

அணுகல் அலுவலர் கமாவுக்குத் தொலைபேசியில் அழைத்தார். "நூத்திப் பதினேழு மேடம். வெறும் இணைப்பு அனுப்பியிருக்கேன். புள்ளி கிள்ளி ஒண்ணும் கிடையாது. அழுத்தினா பேசும்." பிறகு, "என் பேச்சையும் உள்ளபடியே போட்டுட்டீங்க" என்றார்.

"நீங்க லிஃப்ட்டப் பத்திக் கேட்டதையும் போட்டேனே" என்றாள் கமா.

அழுத்தினாள். அம்மா பேசினாள். குரல் அவள் நினைத்துவைத்திருந்ததைவிடக் கொஞ்சம் மெல்லியது, கொஞ்சம் அதட்டலானது. "லைன்ல காத்துக்கிட்டிருக்கிறவங்களுக்கு இங்க என்ன நடக்குதுன்னு தெரியாது" என்றாள் அம்மா. "அப்படியே விட்டுட்டா பயந்துருவாங்க. அதனால சொல்லிக்கிட்டே இருக்கணும். இருங்க, இணைக்கிறேன், மணி அடிக்குது, எடுக்கப்போறாங்க. அவ்வளவுதான் வேலை. பெரிய வித்தையெல்லாம் இல்ல." கமா அன்று முழுக்க அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அடிக்கவில்லை. கேட்க மட்டும் செய்தாள்.

மறுநாள் சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. இயக்குநர். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. தோளைத் தொடவில்லை, உரக்கவும் பேசவில்லை.

"அம்மா, ஒரு சின்ன உதவி. தட்டச்சுல சில பிழை நடந்திருக்குன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். மனுஷங்கதானே, காது தப்பாக் கேக்கும்."

"கேக்கும் சார். எந்த வரின்னு சொல்லுங்க, போட்டுப் பாத்துரலாம்."

அவரை நாற்காலியில் உட்காரவைத்து, காதொலிக் கருவியை அவர் தலையில் தானே மாட்டினாள். முதல் கூட்டத்திலிருந்து ஆரம்பித்தாள். அவர் கேட்டார். வரிக்கு வரி ஒலியை நிறுத்தி, அவள் தன் பிரெயில் தாளை விரலால் தடவிப் படித்துக்காட்டினாள். ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

"இது என் குரல் மாதிரியே இல்லையே" என்றார் அவர் நடுவில்.

"எல்லாருக்கும் அப்படித்தான் சார் இருக்கும், முதல் தடவை கேக்கிறப்ப."

நாலாவது கூட்டம் வந்தது. ஏழு பேரும் சிரித்தார்கள். அவர் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"போதும்மா."

"இன்னும் பத்துக் கூட்டம் இருக்கு."

"போதும்."

வெளியே இருட்டிவிட்டது. மாடிப்படி விளக்கு ஒரு மாதமாக எரிவதில்லை. கமாவுக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததே இல்லை. இயக்குநர் வாசலில் நின்று, காலை முன்னால் நீட்டிப் பார்த்து, பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஒண்ணும் தெரியலையேம்மா."

"நான் சொல்றேன் சார். வலது கையால சுவரப் பிடிச்சுக்கோங்க. பதினொரு படி, அப்புறம் இடது பக்கம் திரும்பணும். அங்க ஒரு ஜன்னல் திறந்திருக்கும், காத்து வரும். அதத் தாண்டினா இன்னும் பத்துப் படி. கடைசிப் படி மட்டும் கொஞ்சம் உயரம். நிதானமாப் போங்க."

அவர் ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே இறங்கினார். அவள் சொன்னது அத்தனையும் அப்படியே இருந்தது. கடைசிப் படிக்குக் கீழே, தையற்காரர் தினமும் இருட்டியதும் துணி நனைக்க வைக்கும் நீலச்சாய வாளியைப் பற்றி மட்டும் கமா ஒன்றும் சொல்லவில்லை.

வாளி உருண்டு, வாசல்வரை போய் நிற்கும் சத்தத்தை முழுசாகக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.